சத்தம் போட ஆளில்லாத கோர்ட்

ஏப்ரல் 14, 1979. சனி

காலை ஆறரைக்கே வெயில். வருஷப் பிறப்பு. ஆபீஸ் லீவு. மாங்காய்ப் பச்சடி செய்யவில்லை. இவர் எதுவும் கேட்கவில்லை. இட்லி, சட்னி, முடிந்தது.

சிமெண்ட் சூடேறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பிள்ளைகளை ஆறு மணிக்கே பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தவர்கள்: பத்மா, நஸீமா, லில்லி, அப்புறம் பொடிசுகள். வராதவள்: உமா. இன்றைக்கும் வரவில்லை.

வலை கிழிந்து தொங்குகிறது. ஒரு பந்தில் காற்று நிற்கவில்லை. பம்ப் செ. வீட்டில் இருக்கிறது. போய்க் கேட்க வேண்டும். போகவில்லை.

செ. என்றுதான் எழுத வருகிறது. உமாவின் அம்மா. போன மாசம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். போலாரம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆட ஆரம்பித்தோம். ஸ்டேட் டீமில் சேர்ந்து ஆடினோம். கோப்பை வாங்கினோம். கோப்பை வாங்கிய பெண்கள் என்று ஒரே ஃபேக்டரியில் இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தார்கள். செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் ஒரே காலனி, அடுத்தடுத்த பிளாக். காலனிப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று என்னை இழுத்துவிட்டதும் அவள்தான். முழுப் பெயரை எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது. மை எல்லாம் இருக்கிறது.

இன்னும் அழவில்லை. காரியத்தன்றைக்கு எதிர்வீட்டு மாமி என் காதில் விழும்படியே சொன்னாள், "கல்லு மாதிரி நிக்கறா பாரு." கோபம்கூட வரவில்லை. சரியாகத்தானே சொன்னாள் என்று இருந்தது.

சாயங்காலம் அரிசி களைந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்ட மறந்துவிட்டேன். ராத்திரி பிரெட்.


ஏப்ரல் 15, ஞாயிறு

போனேன். பம்ப் கேட்க.

செ.வின் வீட்டுக்காரர் நடராஜன் கதவைத் திறந்தார். ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் இருக்கிறார். பாதிச் சவரத்தில் வந்து நின்றார். கூடத்தில் இரண்டு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. உமாவின் பாவாடை, ஸ்வெட்டர், புத்தகம்.

"பம்ப் எங்க இருக்குன்னே தெரியலீங்க வசந்தா. எல்லாத்தையும் எடுத்து வைக்கறது அவதான். உப்பு எங்க இருக்குன்னு நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

"உமாவ திருச்சிக்கு அனுப்பறேன். எங்கக்கா வச்சுக்கறேங்கறா. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, மெட்ராஸ் வண்டில டிக்கெட் ஆயிடுச்சு. நான் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா வயசுப் பொண்ணு தனியா எப்படிங்க?"

உள் அறையில் கட்டில் சத்தம் கேட்டது. உமா இருந்திருக்கிறாள். வெளியே வரவில்லை.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "எங்க வீட்ல இருக்கட்டும். எனக்கும் பிள்ள இல்ல. இந்த வருஷம் ஜூனியர் ஸ்டேட் கேம்ப்புக்கு அவள எடுப்பாங்க. இப்ப போய் அனுப்பாதீங்க."

முகத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. "உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. "நானும் யோசிக்கறேன், உமாவையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார்.

பம்ப் இல்லாமல் திரும்பி வந்தேன்.


ஏப்ரல் 16, திங்கள்

ஆபீஸ். டைப்பிங் நிறைய. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். இவர் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

கேட்டேன். உமா இங்கே இருக்கட்டுமா?

"ஹவ், இருக்கட்டும். அந்த ரூம் சும்மாதானே கெடக்கு" என்றார். அவ்வளவுதான். ரேடியோ பக்கம் திரும்பிக்கொண்டார். திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்த மனுஷர். பெரிய விஷயம் எதுவானாலும் சரி என்பதற்கு ஒரு ஹவ், வேண்டாம் என்பதற்கு ஒரு நக்கோ. நல்ல மனுஷர் என்று எழுதிவைக்கிறேன். நேரில் சொல்ல வராது.

சந்தோஷம் வர வேண்டிய இடம். வரவில்லை. அந்த ரூமிலிருந்த கோதுமை டின்னை நகர்த்திப் பெருக்கினேன்.


ஏப்ரல் 17, செவ்வாய்

காலைப் பிராக்டிஸ். என்னவோ சரியில்லை, என்னவோ சரியில்லை என்று இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் புரிந்தது. கோர்ட்டில் சத்தமே இல்லை. ஷூ தேய்கிற சத்தம், பந்துச் சத்தம், தூரத்தில் மௌலா அலி ஸ்டேஷனில் எஞ்சின். ஒரு பிள்ளையும் வாயைத் திறப்பதில்லை.

முன்னாலெல்லாம் தெருக்கோடி வரை கேட்கும். சத்தம் போடுவது செ. வேலை. அதுவும் தமிழில். ஆடுகிற காலத்தில் இருந்தே எங்களுக்கு அதுதான் வழக்கம். இந்த ஊரில் எதிர் டீமுக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்யப்போகிறோம் என்று வாய் விட்டுக் கத்தலாம், ஒருத்திக்கும் புரியாது. பிள்ளைகளுக்கும் அதையே பழக்கிவிட்டாள். பத்மா தெலுங்கு. நஸீமா உருது. லில்லி வீட்டில் இங்கிலீஷ். எல்லாருக்கும் தெரிந்த தமிழ் அவள் கத்துகிற நாலு வாக்கியம்தான். அதுவும் அசல் திருநெல்வேலித் தமிழ்.

"பொறத்தால வாறா!"
"மூலைக்குப் போடுட்டி!"
"கெட்டியாப் புடி!"

கையில் இருந்த பாஸ்கெட் தவறிப்போய் எவளாவது முகத்தைத் தொங்கப் போட்டால், "சவத்த விடுட்டி, அடுத்தத பாரு!"

அவள் அப்பா டிஃபன்ஸ் வேலையில் மாற்றலாகி போலாரம் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயசு. கடைசிவரை அந்தப் பேச்சை விடவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி உருது. அவள் பேசுவதைக் கேட்டு நான் சிரிப்பேன், நான் பேசுவதைக் கேட்டு அவள் சிரிப்பாள்.

இன்றைக்கு நான் கத்திப் பார்த்தேன். "பின்னாடி வரா!" என்று. பிள்ளைகள் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிட்டேனோ என்று.

என்னை ஏட்டி என்று கூப்பிட இனிமேல் யாரும் இல்லை.


ஏப்ரல் 19, வியாழன்

ஆபீஸில் வெல்ஃபேர் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். கம்பெனி டவுன்ஷிப்களுக்குள் நடக்கிற பெண்கள் போட்டி இந்தத் தடவை நம் கோர்ட்டில்தான். சனிக்கிழமை செமி, ஞாயிறு ஃபைனல். டீம் ரெடியா என்றார். ரெடி என்றேன். அவர் ரூம் கண்ணாடி பீரோவில் எங்கள் கோப்பை இருக்கிறது. கைப்பிடி கறுத்துவிட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

"நீங்க வேணா இந்த வருஷம் ரெஸ்ட் எடுத்துக்குங்களேன்" என்றார். பாவம், நல்லதுக்குத்தான் சொல்கிறார். எதிலிருந்து ரெஸ்ட்?

செய்ய வேண்டியது:
வலை (பெயிண்ட் கடைப் பக்கம் கயிறு கிடைக்கும்)
சுண்ணாம்பு, கோடு போட
குளுக்கோஸ், எலுமிச்சம்பழம்
லில்லி ஷூவுக்கு லேஸ்
பம்ப். சைக்கிள் கடையில் கேட்டுப் பார்


ஏப்ரல் 21, சனி

செமியில் ஜெயித்தோம். விசாகப்பட்டினத்துப் பிள்ளைகள். நல்ல உயரம், ஓட்டம் போதாது. பத்மா நன்றாக ஆடினாள். நஸீமாவுக்கு முட்டியில் சிராய்ப்பு. "குச் நை அக்கா", ஒன்றுமில்லை என்று மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள்.

எல்லாரும் கை குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். காலண்டரில் தேதி கிழிக்கிற மாதிரி இருந்தது.

உமா வரவில்லை.


ஏப்ரல் 22, ஞாயிறு

தோற்றோம். எப்படி என்று எழுதிவைக்க வேண்டும்.

எதிர் டீம் தமிழ்நாட்டிலிருந்து வந்த டவுன்ஷிப். ஜெர்சியில் தமிழிலேயே பேர் போட்டிருந்தது. கண்ணால் பார்த்தேன். மூளைக்கு எட்டவில்லை.

பிள்ளைகள் வாய் திறக்காததால் பெஞ்சிலிருந்து நானே கத்தினேன். மூலைக்குப் போடு, லில்லிக்குப் போடு, கெட்டியாகப் பிடி. எங்கே கொடுத்தாலும் அவர்களில் ஒருத்தி முன்கூட்டியே போய் நிற்கிறாள். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறாள். என்ன இது, மாயமா மந்திரமா என்று நான் இன்னும் சத்தமாகக் கத்துகிறேன். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் டீமில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி, என் பெஞ்சைத் தாண்டி ஓடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, எங்களுக்கும் கேக்குதுக்கா."

அப்போதுதான் உறைத்தது.

இதே கூத்து எங்களுக்கும் நடந்திருக்கிறது. நானும் செ.வும் ஸ்டேட் டீமுக்கு ஆட மெட்ராஸ் போனபோது, பாதி ஆட்டம் வரை தமிழிலேயே கத்தி அடி வாங்கினோம். அப்புறம் அவள் ஹிந்திக்கு மாறினாள். அவளுடைய ஹிந்தி! அந்தப் பக்கம் போ என்பதற்கு "உதர் ஜாவ்ட்டி!" எதிர் டீமே சிரித்துவிட்டது. வருஷா வருஷம் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்த கதை. அதைப் போய் எப்படி மறந்தேன்? ஏதோ ஒரு அலமாரியைப் பூட்டிச் சாவியையும் உள்ளேயே வைத்துவிட்டேன் போல.

ஹாஃப் டைமில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உமா. அப்பாவோடு வந்திருக்கிறாள். பாவாடை, ரப்பர் செருப்பு. ஆடுகிற உடுப்பு இல்லை.

"ஹிந்தி மே போலோ நா ஆன்ட்டி" என்றாள். ஹிந்தியில் சொல்லுங்கள் என்று. அம்மா மாதிரியே மூக்கைச் சுருக்கிக்கொண்டு. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. செ. தமிழில் கேட்பாள், இவள் தெலுங்கிலோ ஹிந்தியிலோ பதில் சொல்வாள். பதினான்கு வருஷமும் அப்படித்தான் ஓடியது அந்த வீடு.

இரண்டாம் பாதியில் ஹிந்தி. மூலைக்குக் கொடு என்பதற்குக் கோனே மே தே, பின்னால் பார் என்பதற்குப் பீச்சே தேக். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தோம். ஆனால் பத்மா "மூலைக்கு" என்றால் திரும்புகிற வேகத்தில் "கோனே மே" என்றால் திரும்பவில்லை. உடம்புக்கு அந்தச் சொல்தான் தெரிந்திருக்கிறது. மூன்று பாஸ்கெட் வித்தியாசத்தில் போயிற்று.

பத்மா அழுதாள். லில்லி அழுதாள். நான் டம்ளர்களை எண்ணி அடுக்கினேன்.


ஏப்ரல் 23, திங்கள்

முட்டி வலி. பழைய வலி. வெந்நீர் ஒத்தடம். பால்காரன் வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை.


ஏப்ரல் 24, செவ்வாய்

உமாவைக் கூப்பிட்டுப் பேசினேன். கோர்ட் ஓரத்துச் சிமெண்ட் படியில். வெயில் இறங்கிவிட்டது. மலை மேலே தர்காவில் பச்சைக் கொடி தெரிந்தது.

ரூம் பெருக்கிவைத்திருக்கிறேன் என்றேன். கேம்ப்பைப் பற்றிச் சொன்னேன். அங்கிள் ஸ்கூட்டரில் ஸ்கூலுக்கு விட்டுவிடுவார் என்றேன். திருச்சியில் எல்லாம் தமிழிலேயே பேச வேண்டுமே, என்ன செய்வாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அது சரியில்லை. பயமுறுத்தி நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

ரொம்ப நேரம் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நக்கோ ஆன்ட்டி" என்றாள்.

"கைக்கு?" ஏன் என்று கேட்டேன்.

ஹிந்தியும் தெலுங்குமாகச் சொன்னாள். கோர்ட்டுக்கு வந்தால் எல்லாரும் அம்மா மாதிரியே ஓடு, அம்மா மாதிரியே போடு என்கிறார்கள். தண்ணீர் குடித்தால்கூட அம்மா மாதிரியே குடிக்கிறாள் என்கிறார்கள். எல்லாரும் என் முகத்தில் அம்மாவைத் தேடுகிறார்கள். அத்தை வீட்டில் யாருக்கும் அம்மா ஆடிப் பார்த்ததே இல்லை. அங்கே போனால் நான் நானாக இருக்கலாம்.

அப்புறம் என்னைப் பார்த்து, தமிழில், தப்பில்லாமல் சொன்னாள்: "நீங்க கூட ஆன்ட்டி."

ஆமாம். நானும்தான். உமாவுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரூமை எனக்காகத்தான் பெருக்கியிருக்கிறேன். அவள் ஓடும்போது பின்னாலிருந்து பார்த்தால் செ.தான். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"சரி, போய்ட்டு வா" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். எண்ணெய் இல்லாத தலை. 

நடராஜனிடமும் சொல்லிவிட்டேன். "அப்படியா சொன்னா?" என்று கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அவள் இங்கேயே இருப்பாள் என்று நம்பிவிட்டிருக்கிறார். அது எனக்குத் தோன்றவே இல்லை.


ஏப்ரல் 26, வியாழன்

உமாவுக்குக் கொடுக்க நல்ல பந்தாக ஒன்று எடுத்தேன். பெட்டியில் அடங்கவில்லை. ஊசியைக் குத்திக் காற்றை இறக்கினேன். புஸ்ஸென்று கையில் பட்டது. சப்பையாக மடித்துப் பாவாடைகளுக்கு நடுவில் வைத்தேன். 

பெட்டியை மூடின பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் பந்துக்கு நாங்கள் யாரும் காற்று அடிக்கவில்லை. பம்ப்தான் கிடைக்கவே இல்லையே. அது செ. அடித்த காற்று.

அப்போதுகூட ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்தேன்.


ஏப்ரல் 27, வெள்ளி

செகந்திராபாத் ஸ்டேஷன். கூட்டம். லீவு விட்டாகிவிட்டது. நடராஜன் கூடப் போய் விட்டுவிட்டு வருகிறார். நான், இவர், பத்மா, நஸீமா. தயிர்சாதம், ஊறுகாய், கூஜாவில் தண்ணீர்.

நஸீமா ஜன்னலுக்குள் கையை விட்டு உமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே டீம் இருந்தால் ஹிந்தியில் கத்து, ஒருத்திக்கும் புரியாது என்றாள். எல்லாரும் சிரித்தோம். உமாவும்.

வண்டி நகரப் போகும்போது உமா ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள். பம்ப். அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. தெரிந்தேதான் வைத்திருந்தாளா என்று நான் கேட்கவில்லை.

"அங்க பம்ப்?" என்றேன்.

"இருக்கும் ஆன்ட்டி." தமிழில்.

வண்டி போயிற்று. பத்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன். பிளாட்ஃபாரத்தில் யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டிருந்தார்கள், யாராவது வழுக்கி விழப்போகிறார்களே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் போய் அதைக் காலால் ஓரம் தள்ளினார்.


ஏப்ரல் 28, சனி

மத்தியானம் புழுதிக் காற்று, பிறகு கொஞ்சம் மழை. கொடியில் இருந்த துணி எல்லாம் மறுபடி நனைந்துவிட்டது. எல்லாப் பந்துக்கும் காற்று அடித்தேன். கை வலி.

கோர்ட்டை விட்டுவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். ஹவ்வும் சொல்லவில்லை, நக்கோவும் சொல்லவில்லை. முதல் தடவை.

வெல்ஃபேர் ஆபீசரிடம் திங்கட்கிழமை சொல்லிவிடுவது. காலையில் பிள்ளைகளைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு.


ஏப்ரல் 30, திங்கள்

ஆறு மணி. மழை பெய்ததால் சிமெண்ட் குளிர்ச்சி. பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். இனிமேல் நான் வரப்போவதில்லை என்று கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆட விட்டேன்.

உமாவின் இடத்தில் சரிதாவைப் போட்டேன். பொடிசுகளில் ஒன்று, நாலாவது படிக்கிறது. கூடைக்கு நேர் கீழே நிற்கிறாள், பக்கத்தில் ஆளே இல்லை, போட்டாள், வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. அப்படியே நின்றுவிட்டாள். உதடு துடிக்கிறது. விசிலை வாயில் வைத்தேன்.

பின்னாலிருந்து பத்மா.

"சவத்த விடுட்டீ! அடுத்தத பாரு!"

தமிழில் சாப்பாடு, தண்ணீர் என்றுகூடக் கேட்கத் தெரியாத பெண். அந்த விடுட்டீ-யில் மேலே போகிற இழுப்பு. பாரு-வில் சட்டென்று வெட்டுவது. வேறு யாரிடமும் அவள் தமிழ் கற்றதில்லை. அதனால் அவளிடம் வேறு தமிழே இல்லை. அப்படியே செண்பகம்.

விசில் வாயிலிருந்து விழுந்தது. ஈரச் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டேன். எங்கிருந்து அவ்வளவும் வந்தது என்று தெரியவில்லை. மூக்கு, கண், எல்லாம். பிள்ளைகள் பயந்துபோய்ச் சுற்றி நின்றார்கள். சரிதா தன்னால்தான் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏமைந்தி அக்கா?" என்ன ஆச்சு என்று பத்மா முட்டி போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். "தப்பா சொன்னேனா?" தெலுங்கில்.

இன்னொரு தடவை சொல்லு என்றேன்.

சொன்னாள்.